பச்சைப் பொய்

1

ரிஷிவந்தியம் கடைத்தெருவில் ஒரு டீக்கடைச் சுவரில் தை மாதம் புதுக் காலண்டர் ஒன்று தொங்கியது. ஏதோ ஒரு மின்சாரக் கம்பெனி அடித்துக் கொடுத்தது. கம்பெனி பெயர் இங்கே முக்கியமில்லை. எல்லாக் கம்பெனியும் இப்போது இதே காலண்டரைத்தான் அடிக்கிறது. படத்தில் இரண்டு உள்ளங்கைகள். கைக்குள் ஒரு பிடி கறுப்பு மண். மண்ணில் இரண்டு இலை விட்ட கன்று. பின்னால் மங்கலாகப் பச்சை. கீழே பசுமையான எதிர்காலம், நாளைய தலைமுறை என்று ஒரு வாசகம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஆயாவை அந்தக் கடை வாசலில் உட்கார வைத்திருந்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் நடவு நட்டு, களையெடுத்து, கரும்புக் கொல்லையில் சோகை உரித்த கை அவளுடையது. கண்ணும் சரியாகத் தெரியாது. அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"ஏம்பா, இந்தக் கையில மண்ணே ஒட்டலியே. நகத்துக்குள்ளகூட அழுக்கு இல்ல. யாரோ அள்ளிக் குடுத்த மண்ண இவன் புடிச்சிக்கினு நிக்கிறான்போல."

சுற்றுச்சூழலைப் பற்றி நாம் எவ்வளவோ படித்திருக்கிறோம். கூட்டம் போட்டிருக்கிறோம், துண்டறிக்கை எழுதியிருக்கிறோம். மண்ணை அள்ளிக் கொடுத்தது யார் என்று அந்தப் படத்தைப் பார்த்து நான் கேட்டதில்லை. படிக்காத ஆயா கேட்டாள். ஒரு விளம்பரத்தைப் பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கிற வேலையை நம் விமர்சகர்கள் கோட்பாட்டுப் புத்தகங்களில் கற்றுக்கொள்கிறார்கள். சேற்றில் நின்ற கைக்கு அது தானாகத் தெரிந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அவள் கேள்வியைப் பின்தொடர்ந்து போகிற முயற்சி, அவ்வளவுதான்.

2

முதலில் சொல்லைப் பார்ப்போம். விளம்பரத் தமிழ் 'பசுமை' என்றுதான் சொல்லும். 'பச்சை' என்று சொல்லாது. பசுமை ஆற்றல், பசுமைத் திட்டம், பசுமை வளாகம். ஏன் பச்சை என்று சொல்லக் கூடாது? சொன்னால் ஆபத்து. நம்ம ஜனங்கள் பேச்சில் பச்சை என்பது நிறத்துக்கு மட்டும் பெயர் இல்லை. காய்ச்சாத தண்ணி பச்சைத் தண்ணி. சுடாத மண்ணு பச்ச மண்ணு. பிறந்த குழந்தையையும் அப்படித்தான் சொல்கிறோம். பிள்ளை பெற்று இன்னும் எழுந்திருக்காதவள் பச்சை உடம்புக்காரி. மூடி மறைக்காமல் பேசுகிறவன் பச்சையாகப் பேசுகிறான். ஆறாத புண் பச்சைப் புண். எந்த மேல்பூச்சும் ஏறாமல் இருப்பதற்கு நம் மொழியில் பெயர் பச்சை.

கம்பெனியின் பசுமை இதற்கு நேர் எதிரானது. அது முழுக்க முழுக்கப் பூச்சு. இந்த ஏமாற்றைத் தமிழில் 'பசுமைப் பூச்சு' என்றும் 'பசுமைக் கண்துடைப்பு' என்றும் எழுதுகிறார்கள். நல்ல சொற்கள்தான். ஆனால் இதற்குத் தேவையான சொல்லை நம்ம சனங்க ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் கூச்சமில்லாமல், எதிரில் இருக்கிறவன் கண்ணைப் பார்த்தே சொல்லும் பொய்க்குப் பெயர் பச்சைப் பொய். வேறு சொல் தேட வேண்டியதில்லை.

இந்தப் பொய்க்கு உலக வரலாறு உண்டு. 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் ஓட்டல்களைப் பற்றி எழுதும்போது இதற்கான ஆங்கிலச் சொல்லை உண்டாக்கினார். துண்டைத் துவைக்கப் போடாதீர்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று ஓட்டல்காரன் அறையில் அட்டை வைக்கிறான். மிச்சமாவது அவன் சலவைக் காசு. பெரிய கம்பெனிகள் இந்த வித்தையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டன. 2000ஆம் ஆண்டில் பிபி என்கிற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி தன் சின்னத்தைப் பச்சையும் மஞ்சளுமான சூரியகாந்தியாக மாற்றி, தான் பெட்ரோலைத் தாண்டிப் போய்விட்டதாக விளம்பரம் செய்தது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் அதற்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த எண்ணெய்த் தளம் வெடித்து 11 தொழிலாளர்கள் செத்தார்கள். கடல் மாதக்கணக்கில் எண்ணெயாய் மிதந்தது. சூரியகாந்தி மட்டும் வாடவில்லை.

அதே பிபிதான் 2000களின் நடுவில் 'கார்பன் காலடி' என்ற பேச்சை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. உன் காலடி எவ்வளவு பெரிசு, நீயே கணக்குப் போட்டுப் பார் என்று ஜனங்களிடம் கேட்டது. புகைபோக்கி வைத்திருக்கிறவன் காலை இழுத்துக்கொண்டான்; நடந்துபோகிறவன் காலைக் காட்டினான். இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த வம்சம் நாங்கள். எங்கள் காலடிக்குக் கணக்குக் கேட்பது இந்த நாட்டில் புதுசு இல்லை.

இந்தியாவிலும் இப்போது இதற்கு விதி வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பொய்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இயற்கைக்கு உகந்தது, மாசில்லாதது என்று சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும். நல்லது. ஆனால் அதே விதி சிலவற்றை வெளியே விட்டிருக்கிறது. பொதுவான நிறங்களையும் படங்களையும் பயன்படுத்துவது, ஏமாற்றாகாத வரை, குற்றமில்லை. ஒரு குறிப்பிட்ட பொருளையோ சேவையையோ சொல்லாத கம்பெனி இலட்சிய வாசகமும் குற்றமில்லை. அந்தக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது நிறம், படம், இலட்சிய வாசகம். சட்டத்தின் கண்ணில் அது கிட்டத்தட்ட சுத்தம். ஆயாவின் கண்ணுக்குத்தான் அகப்பட்டது.

3

ரிஷிவந்தியத்தில் சுரங்கம் இல்லை. ஆனால் காலையில் பஸ் ஏறி, தியாகதுருகம், உளுந்தூர்ப்பேட்டை, விருத்தாசலம் என்று மாறி மாறிப் போனால் மத்தியானத்துக்குள் நெய்வேலி போய்விடலாம். எங்கள் பக்கத்துக் காலனிகளிலிருந்து காண்ட்ராக்ட் வேலைக்கு, கொத்து வேலைக்கு, கரும்பு வெட்டுக்கு ஆட்கள் போகிற திசைதான் அது. இந்த நாட்டின் பச்சைப் பொய்யை வாசிக்க அதைவிடப் பக்கத்தில் வேறு பிரதி எங்களுக்கு இல்லை.

நெய்வேலியின் தொடக்கக் கதையை எல்லோரும் படித்திருப்பீர்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டினார், கறுப்பாக ஏதோ வந்தது, அதுதான் பழுப்பு நிலக்கரி. முதலியார் நிலம் கொடுத்தார், முயற்சி எடுத்தார், அதில் தகராறு இல்லை. ஆனால் கிணறு வெட்டினது முதலியாரா? கடப்பாரை பிடித்தவன் யார், கூடையில் மண் சுமந்து மேலே ஏறியவள் யார், அந்தக் கறுப்பு மண்ணை முதலில் கையில் அள்ளி, 'ஐயா, இது என்னான்னு பாருங்க' என்று காட்டியவன் யார்? கதையில் அவர்களுக்குப் பெயர் இல்லை. காலண்டர் படத்தின் மண் ஒட்டாத கை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அரசு நிறுவனமாகப் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 2016இல் பெயர் என்எல்சி இந்தியா லிமிடெட் என்று மாறியது. பழைய பெயரில் இருந்த 'பழுப்பு நிலக்கரி' புதுப் பெயரில் முதலெழுத்தாகச் சுருங்கி மறைந்துவிட்டதைக் கவனியுங்கள். தோண்டுவது அதே கரிதான். பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம். அந்த ஈரத்தைக் காய்ச்சி ஓட்டவே எரிபொருள் செலவாகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மற்ற நிலக்கரியைவிட இது அதிகமாகக் கரியமில வாயுவை விடுகிறது.

இனி நிறுவனத்தின் பசுமைக்கு வருவோம். 2019 வாக்கில் 1000 மெகாவாட் சூரிய மின்சாரத்தைத் தாண்டிய முதல் மத்தியப் பொதுத்துறை நிறுவனம் என்று பெயர் வாங்கியது. அது உண்மை, மறுக்கவில்லை. தோண்டி முடித்த நிலத்தில் மண்ணை நிரப்பி மரம் நட்டிருக்கிறோம், பூங்கா வைத்திருக்கிறோம், குளம் வெட்டிப் படகு விட்டிருக்கிறோம் என்கிறது. அதுவும் பார்க்கக் கிடைக்கிறது. 2023இல் பசுமை மின்சாரத்துக்கென்றே தனித் துணை நிறுவனங்களைப் பதிவு செய்தது.

அதே 2023இல், ஜூலை 26ஆம் தேதி, சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, பொக்லைன் இயந்திரங்கள் போலீஸ் காவலோடு வயலில் இறங்கின. வயலில் நெல் நின்றது. கதிர் வரப்போகிற பயிர். நிலம் பல வருஷம் முன்பே எடுக்கப்பட்டது, அதில் பயிர் வைத்ததே தவறு என்றது நிறுவனம். இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. அழித்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஒரே வருஷம், ஒரே நிறுவனம். காகிதத்தில் பசுமை பிறந்தது, வயலில் பச்சை செத்தது.

அடுத்த மாதமே, பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து நெய்வேலியைச் சுற்றிய கிராமங்களில் எடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். தண்ணீரில் பாதரசம் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பதாக அது சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக அதை வழக்காக எடுத்தது. பூங்காக் குளத்தில் படகு விடுகிறவர்கள் அந்தக் கிராமத்துக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை.

4

இந்தப் பிரதியில் இரண்டு சொற்களை மட்டும் எடுத்து வாசிக்கிறேன்.

ஒன்று, 'ஓவர்பர்டன்'. கரிக்கு மேலே கிடக்கிற மண்ணுக்குச் சுரங்கக்காரர்கள் வைத்த பெயர். மேல்சுமை. நெய்வேலியில் பல இடங்களில் 50 மீட்டருக்கு மேல் மண்ணைப் பெயர்த்தால்தான் கரி கிடைக்கும். அடியில் ஊற்று அழுத்தி மேலே பொங்காமல் இருக்க ராப்பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மண்ணில்தான் நெல், கரும்பு, முந்திரி, சுடுகாடு, சாமி, வீடு எல்லாம் இருந்தது. கரியின் பக்கம் நின்று பார்த்தால் இதெல்லாம் சுமை. மண்ணே சுமை என்றால் மண்ணின் மேல் குடியிருக்கிறவன் என்ன? அவனும் மேல்சுமையில் ஒரு பகுதி. அதிலும் பட்டா இல்லாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறவன் தட்டிவிட்டால் விழுகிற சுமை.

இரண்டு, 'மீட்பு'. தோண்டிய குழியை மூடி மரம் நட்டால் அதற்குப் பெயர் நில மீட்பு. இந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு உடம்பு கூசியது. நில மீட்பு எங்கள் சொல். 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. அவற்றைத் திருப்பிக் கேட்டு காரணையில் நடந்த போராட்டத்தை ஒட்டி, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். அந்தச் சொல்லுக்கு ரத்தம் கொடுத்தவர்கள் இருக்க, கம்பெனி அதை எடுத்துத் தன் பூங்காவுக்குப் பலகையாக வைத்திருக்கிறது. மீட்பு என்றால் பறிகொடுத்தவனிடம் திரும்பி வர வேண்டும். பறித்தவன் தான் பறித்ததை அழகுபடுத்தித் தானே வைத்துக்கொள்வதற்குப் பெயர் மீட்பா? மரம் நடுவதை யாரும் குறை சொல்லவில்லை. அந்த மரத்தின் நிழல் யார் பெயரில் இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

5

இப்போது கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன். கம்பெனியின் பொய்யை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நம்முடைய பொய்யை மறைத்த ஆளாவேன்.

வளையமாதேவியில் பயிர் அழிந்தபோது தமிழ்நாடே அழுதது. நானும் அழுதேன். பத்திரிகையில், மேடையில், சுவரொட்டியில் எல்லாம் ஒரே சொல்: விவசாயி. விவசாயியின் கண்ணீர், விவசாயியின் நிலம், விவசாயிக்கு இழப்பீடு. ஏக்கருக்கு 40,000 என்று கோர்ட் சொன்னது. சரி. அந்த நாற்றைப் பறித்தது யார்? முடிச்சைத் தலையில் சுமந்து வரப்பில் நடந்தது யார்? குனிந்து நட்டது யார்? அறுப்புக்கு வரச் சொல்லி முன்கூட்டியே பேசி வைத்திருந்த செட்டு யாருடையது? அந்த அறுப்பு இல்லாமல் போனதால் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை? ஏக்கர் இல்லாதவளுக்கு ஏக்கர் கணக்கில் எதைக் கொடுப்பது?

2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்திலும், கள்ளக்குறிச்சி அன்று சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்திலும் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். இவ்வளவு பேர் இருக்கிற மண்ணில், நிலம் போகும் கதையைச் சொல்லும்போது நிலம் இல்லாதவர்கள் கதையிலேயே இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மவர்களைவிடக் கொஞ்சம் கண் திறந்தது. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சொல்லும்போது நிலம் இல்லாத விவசாயக் கூலியையும் குத்தகைதாரரையும் சேர்க்கிறது. மூன்று வருஷமாக அந்த நிலத்தில் உழைத்துப் பிழைத்தவர்கள் என்று காட்டினால் போதும். யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று எண்ணிப் பார்க்க சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் தமிழ்நாடு என்ன செய்தது? அந்தச் சட்டத்தில் 105அ என்று ஒரு பிரிவைச் செருகி, தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997 சட்டம், மூன்றாவது ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978 சட்டம். 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கைத் தூக்கி எறிந்தது. அதே ஜூலை மாதம் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு மூன்றையும் உயிர்ப்பித்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

எனக்குச் சட்டம் படிப்பு இல்லை. ஆனால் இதில் ஒன்று விளங்குகிறது. சேரிக்கு நாலு செண்ட் மனை கொடுக்க எடுக்கிற நிலத்தையும், ஆலைக்கு எடுக்கிற ஆயிரக்கணக்கான ஏக்கரையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறார்கள். அந்த மூட்டைக்குள் போனால் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் இல்லை. அதாவது எண்ண வேண்டியதில்லை. மரத்தை எண்ணுகிறார்கள். மெகாவாட்டை எண்ணுகிறார்கள். நட்டவளை எண்ண வேண்டியதில்லை. பச்சைப் பொய் நிற்பதற்கு அடித்தளமே இந்த எண்ணாமைதான்.

6

எதிர்ப்பவர்களிடமும் ஒரு பச்சை இருக்கிறது. பச்சைத் துண்டு. விவசாய சங்கத்தார் தோளில் போடுகிற துண்டு. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் துண்டோடு ஜெயிலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தோளில் துண்டு போடுவது என்பது எங்களுக்குச் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. ஊர்க்காரரைக் கண்டால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்ட தாத்தாக்களின் பேரன்கள் நாங்கள். துண்டின் நிறத்துக்கு முன்னால் துண்டு கிடக்கிற தோளைத்தான் எங்கள் கண் பார்க்கும்.

சுற்றுச்சூழல் எழுத்துகளில் வருகிற கிராமத்தைப் பாருங்கள். பொன் விளைகிற பூமி, தாயான மண், பசி அறியாத ஊர். யாருக்குத் தாய்? சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்தது இதே வயல்தான். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தது, கூலி உயர்வு கேட்டதற்காக, இதே பச்சை வயலின் நடுவில்தான். அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கோயிலாக்கிக் கும்பிட மறுத்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது. கம்பெனி பூசுகிற பச்சைக்கு எதிராக, சாதியைத் துடைத்துவிட்டுக் காட்டுகிற இன்னொரு பச்சையை நாம் தூக்கிப் பிடித்தால் அதுவும் பூச்சுத்தான்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். "அப்படின்னா கம்பெனியே தேவலாமே? நெய்வேலி டவுன்ஷிப்ல சேரி, ஊர்த்தெருன்னு உண்டா? அரசு வேலை, இட ஒதுக்கீடு, குவார்ட்டர்ஸ், பசங்களுக்குப் பள்ளிக்கூடம். வயல்ல கெடந்தா இது கெடச்சிருக்குமா?" இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. பொதுத்துறை வேலையால் தலைநிமிர்ந்த தலித் குடும்பங்கள் உண்டு. அம்பேத்கரே 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது மின்சக்திக் கொள்கையை வகுப்பதில் முன் நின்றவர். மின்சாரம் வேண்டாம் என்பது நம்முடைய அரசியல் இல்லை. கடைசியாக மின்விளக்கு வந்த தெரு நம்முடையது.

ஆனால் அந்தப் பழைய நெய்வேலி இப்போது யாருக்குக் கிடைக்கிறது? நிரந்தர வேலை சுருங்கி, காண்ட்ராக்ட் பெருகியது. காண்ட்ராக்டர் கூட்டிப் போகிற கூலிக்கு இட ஒதுக்கீடு கிடையாது, குவார்ட்டர்ஸ் கிடையாது. நிரந்தரம் கேட்டு எத்தனையோ வேலைநிறுத்தம் நடந்துவிட்டது. 2014 மார்ச் 17 அன்று இரண்டாம் சுரங்க வாசலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் சுட்டு ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி செத்தார். 2020 மே 7, ஜூலை 1 என்று இரண்டு மாத இடைவெளியில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரண்டு பாய்லர்கள் வெடித்தன. செத்தவர்களில் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் பலர். பசுமை விளம்பரத்தில் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிற தொழிலாளியைப் பார்க்கும்போது பாய்லர் பக்கத்தில் நின்றவர்களின் ஞாபகம் வர வேண்டும்.

சூரிய மின்சாரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. புகை இல்லை, அது நல்லதுதான். ஆனால் கண்ணாடிப் பலகைக்கு நடவு வேண்டாம், களை வேண்டாம், அறுப்பு வேண்டாம். ஆடு மேய்க்க வேலிக்குள் விட மாட்டார்கள். கரியை விட்டு வெயிலுக்கு மாறத்தான் வேண்டும். பூமி சூடேறினால் முதலில் வேகிறது வெயிலில் நிற்கிற கூலிதான். அதனால்தான் கேட்கிறோம். மாறும்போது நிலத்துக்காரனுக்குப் பத்திரம் எழுதுகிறீர்கள். அந்த நிலத்தில் பிழைத்த கூலிக்கு என்ன எழுதுகிறீர்கள்?

7

மறுபடி ரிஷிவந்தியத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கரும்பு பூமி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். கரும்பு இப்போது சர்க்கரைக்கு மட்டும் இல்லை. நாடு முழுக்கப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது 2025இல் நடப்புக்கு வந்துவிட்டது. எண்ணெய்க் கம்பெனிகள் இதையும் பசுமை எரிபொருள் என்கின்றன. எத்தனால் வடிக்கிற வடிசாலைகளோ, மிக அதிகம் மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களில் ஒன்று என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பட்டியல் போட்டிருக்கிறது. ஆக, நாளைக்கு இந்தப் பச்சை எங்கள் கொல்லைக்கே வரும். சோகை அறுத்துக் கை கிழிகிறவள் அந்தக் கணக்கில் எங்கே வருவாள் என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

பச்சைப் பொய்யை எதிர்க்கிற நண்பர்களுக்கு, மாணவர்களுக்கு, எழுதுகிறவர்களுக்கு ஒரு சிறு கோரிக்கை. ஒரு பசுமை விளம்பரம் கண்ணில் பட்டால் கிழிப்பதற்கு முன் வாசியுங்கள். அதில் கை யாருடையது, வேலை செய்தவர் படத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். எதை எண்ணியிருக்கிறார்கள், யாரை எண்ணாமல் விட்டார்கள் என்று பாருங்கள். மீட்டோம், காத்தோம், நட்டோம் என்கிற வினைகளில் பறித்தோம் என்ற வினை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். பிறகு அதே கேள்விகளை நம்முடைய துண்டறிக்கையிடமும் கேளுங்கள். நம் மேடையில் பேசுகிறவர்களில் நடவுக்காரி எத்தனை பேர்?

நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், கிராம சபையில் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று மட்டும் தீர்மானம் போடாதீர்கள். அந்த நிலத்தில் கூலிக்குப் போகிற ஒவ்வொரு ஆணும் பெண்ணும் எந்தத் தெரு, எத்தனை வருஷம், எந்த வேலை என்று பெயர்ப்பட்டியல் போட்டுத் தீர்மானத்தோடு சேருங்கள். 2013 சட்டம் கேட்கிற மூன்று வருஷத்துக்கு அதுவே சாட்சி. அரசாங்கம் எண்ண மாட்டேன் என்றால் நாம் எண்ணுவோம். பட்டா உள்ளவர்கள் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடட்டும். போட்டால் அவர்கள் பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில் நாங்கள் நிற்போம். போட மாட்டோம் என்றால், உங்கள் போராட்டமும் எங்களை மேல்சுமையாகத்தான் பார்க்கிறது என்று புரிந்துகொள்வோம்.

போன வாரம் அந்த டீக்கடைக்குப் போனேன். காலண்டர் அங்கேயே இருந்தது. தேதி கிழித்துக் கிழித்துக் கீழே மெலிந்துபோய்விட்டது; மேலே அந்தக் கை மட்டும் அப்படியே இருந்தது, மண் ஒட்டாமல். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் இந்தக் கட்டுரையை எழுதப்போவதாகச் சொன்னேன். படித்துக் காட்டச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்: "எங்க பேரையும் எழுதுவியா?"

பட்டியலின் முதல் பெயராக எழுதி வைத்திருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் அவரவர் ஊர்ப் பட்டியலை எழுதத் தொடங்கட்டும்.